பிரசவ வார்டில் நான் கேட்கக் கற்றுக்கொண்டது

நர்சிங் படிப்பில் சேர்ந்தபோது என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. மகப்பேறு செவிலியம் பாடமாக வந்த ஆண்டில்தான் பேச்சு ஆரம்பித்தது. வியாசர்பாடியில் எங்கள் தெருக்காரர் ஒருவர் அப்பாவை நிறுத்திக் கேட்டார்: "பையனுக்குப் பிரசவ வார்டில் என்ன வேலை?" அப்பா பதில் சொல்லத் தெரியாமல் வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. "பாடத்தில் இருக்கிறது அப்பா" என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் வகுப்பில் ஆண்கள் ஒன்பது பேர். சென்னையில் அரசு மகப்பேறு மருத்துவமனை ஒன்றில் பயிற்சி. முதல் நாள் காலை ஏழரை மணிக்குப் போய் நின்றோம். மாணவிகளைப் பிரசவ அறைக்குள் அனுப்பிவிட்டு எங்களை வராந்தாப் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். மதியம் வரை உட்கார்ந்திருந்தோம். மறுநாளும் அதே பெஞ்சு. மூன்றாம் நாள், கூட வந்த ஆசிரியை, "தோழிகளின் கேஸ் புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்றார். அவர் எங்கள் மேல் அக்கறை உள்ளவர்தான். யாராவது ஒரு நோயாளியின் உறவினர் சத்தம் போட்டால் மொத்தப் பயிற்சியும் நின்றுவிடுமே என்று பயந்தார்.

நான் இரண்டு கேஸ் பார்த்து எழுதினேன். குழந்தையின் எடை 2.9 கிலோ, பிறந்தவுடன் அழுதது, நஞ்சுக்கொடி முழுமையாக வெளியேறியது என்று, கண்ணால் பார்க்காத ஒரு பிரசவத்தைப் பற்றி என் கையெழுத்தில் எழுதினேன். நஞ்சுக்கொடியில் ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டால் தாய்க்கு ரத்தம் நிற்காது என்று அதே வாரம் வகுப்பில் படித்திருந்தேன். 'முழுமையாக' என்ற அந்தச் சொல்லை எழுத எனக்கு உரிமை இல்லை என்பது அப்போது உறைத்தது. இரண்டு பக்கங்களையும் கிழித்துப் போட்டேன்.

இந்திய செவிலியர் கவுன்சிலின் பாடத்திட்டப்படி நாங்கள் படித்தபோது ஒவ்வொரு மாணவரும் 20 சுகப்பிரசவங்களைத் தம் கையால் பார்த்திருக்க வேண்டும். அதில் ஆண், பெண் வேறுபாடு கிடையாது. படித்து முடித்துப் பதிவு செய்யும்போதும் செவிலியர், தாதி (பிரசவம் பார்ப்பவர்) என்று இரண்டு தகுதியும் சேர்த்தே தருகிறார்கள். நாளைக்கு என் சான்றிதழை நம்பி ஒருவர் தன் மனைவியை என்னிடம் ஒப்படைப்பார். பெஞ்சில் உட்கார்ந்து எழுதியதை வைத்து நான் என்ன செய்வேன்? நான்காம் நாள் வார்டு சிஸ்டரிடம் நேரே போய் உள்ளே வர அனுமதி கேட்டேன். முப்பது ஆண்டுகளாகப் பிரசவம் பார்ப்பவர். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நான் அனுமதி கொடுத்து என்ன ஆகும்? படுத்திருப்பவர்கள் கொடுக்க வேண்டும். போய்க் கேள்" என்றார்.

போய்க் கேட்டேன், தப்பாகக் கேட்டேன். அந்தப் பெண்ணுக்குத் தலைப்பிரசவம். கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய், மனப்பாடம் செய்துவைத்திருந்த வாக்கியத்தைக் கடகடவென்று ஒப்பித்தேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய அம்மா, "வேண்டாம் தம்பி, நீ போ" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திரும்பி வந்தவனிடம் சிஸ்டர் கேட்டார்: "இடுப்பு வலி உச்சத்தில் இருக்கும்போது கேட்டால் அது கேட்டதாகுமா? அப்போது அந்தப் பெண் சரி என்று சொல்லியிருந்தால்கூட நான் உன்னை விட்டிருக்க மாட்டேன். வலி விட்டு விட்டுத்தான் வரும். விடும்போது போ. உட்கார்ந்து பேசு. நின்றுகொண்டு பேசாதே."

இன்றைக்கு என்னிடம் யோசனை கேட்கும் தம்பிகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வலி விட்ட இடைவெளியில், கட்டில் உயரத்துக்கு இறங்கி உட்கார்ந்து, பெயர், கல்லூரி, மாணவன் என்பது மூன்றையும் சொல்லுங்கள். என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைத் தனித்தனியாகக் கேளுங்கள். வயிற்றைத் தொட்டுப் பார்க்கலாமா என்பது ஒரு கேள்வி. பிரசவம் பார்க்கலாமா என்பது வேறு கேள்வி. ஒன்றுக்குக் கிடைத்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது. மாமியாரிடம் கேட்டுவிட்டு மருமகளைத் தொடாதீர்கள். அந்தப் பெண் தன் வாயால் சொல்ல வேண்டும். சிஸ்டர் பக்கத்தில் இல்லாமல் திரைக்குள் போகாதீர்கள். அது அந்தப் பெண்ணுக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

எனக்கு முதல் சம்மதம் கிடைத்தது ஓர் இரவு டூட்டியில். காசிமேட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர், இரண்டாவது பிரசவம். உட்கார்ந்து, "அக்கா, நான் நர்சிங் மாணவன்" என்று ஆரம்பித்து மெதுவாகக் கேட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "நீ மட்டும்தான் இருப்பாயா, இன்னும் பத்துப் பேர் வந்து நிற்பார்களா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை. முதல் பிரசவத்தின்போது தன்னைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பற்றிப் பிறகு சொன்னார். மாணவிகள், டாக்டர்கள், யார் யார் என்றே தெரியாத முகங்கள். எல்லோரும் பெண்கள்தான் என்பதால் அந்த வெட்கம் குறைந்துவிடவில்லை. நான் சிஸ்டரைப் பார்த்தேன். அவர் திரையை இழுத்து விட்டு, "நானும் இந்தப் பையனும் மட்டும்தான். ஆயாம்மாகூடக் கூப்பிட்டால்தான் வருவார்" என்றார். "அப்படியென்றால் சரி" என்றார் அக்கா. ஆண் என்பதால் வேண்டாம் என்று சொல்பவர்கள் நிறையப் பேர் உண்டு, அது அவர்கள் உரிமை. ஆனால் மறைப்பும் ஆள் எண்ணிக்கையும் அதைவிடப் பெரிய கவலையாக இருப்பவர்களும் உண்டு. கேட்காமல் இருந்திருந்தால் எனக்கு இது தெரிந்திருக்காது.

அந்த இரவை நிமிடம் நிமிடமாகச் சொல்ல முடியும். மூன்று மணி நேரம் நான் செய்ததெல்லாம் இடுப்பின் அடிப்பக்கம் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தது, வாய்க்குத் தண்ணீர் கொடுத்தது, குழந்தையின் இதயத் துடிப்பை எண்ணி எழுதியது, அவ்வளவுதான். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும். பனிக்குடம் உடைந்தபின் எல்லாம் வேகமானது. தலை தெரிந்ததும் சிஸ்டர் என் இடது கையைத் தலைமேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டார். வலது கையில் மடித்த துணியால் கீழ்ப்பக்கத் தசைக்குத் தாங்கல். "தள்ளாதே, இழுக்காதே, வேகத்தை மட்டும் பிடி" என்று என் காதில் சொன்னார். அக்காவிடம், "இப்போது முக்காதே அம்மா, வாயால் மூச்சு விடு" என்றார். தலை வந்தது. கீழே பார்த்திருந்த முகம் தானாகப் பக்கவாட்டில் திரும்பியது. கழுத்தில் விரல் விட்டுப் பார்த்தேன், தொப்புள்கொடி ஒரு சுற்று, தளர்வாக. தலைக்கு மேலாகக் கழற்றினேன். மேல் தோள், பிறகு கீழ்த் தோள், பிறகு முழுக் குழந்தையும் வழுக்கிக்கொண்டு என் கையில். நேராக அம்மாவின் வயிற்றின்மேல் போட்டுத் துணியால் துடைத்தேன். அழுதது.

எல்லோரும் அந்த அழுகையோடு கதையை முடித்துவிடுவார்கள். நான் படித்த பாடம் அதற்கப்புறம்தான் இருந்தது. ஒரு நிமிடத்துக்குள் அம்மாவின் தொடையில், கருப்பையை இறுகச் செய்யும் ஆக்சிடோசின் ஊசி 10 யூனிட். கொடியில் துடிப்பு அடங்கும் வரை பொறுத்து, பிறகு வெட்டினோம். கொடி நீண்டது, கொஞ்சம் ரத்தம் குபுக்கென்று வந்தது, கருப்பை மேலே எழும்பி இறுகியது. நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டதற்கு அவையே அடையாளம். அதைத் தட்டில் விரித்து வைத்து, சிஸ்டர் என் விரலைப் பிடித்து ஒவ்வொரு மடலாகத் தொட வைத்தார். விட்டுப்போன இடம் இருக்கிறதா, ஓரம் கிழிந்திருக்கிறதா? ஒன்றும் இல்லை. அன்றைக்குக் கேஸ் புத்தகத்தில் 'முழுமையாக' என்று எழுதினேன்.

அதன் பிறகு சிஸ்டர், "இரண்டு மணி நேரம் இந்தக் கட்டிலை விட்டு நகராதே" என்றார். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நாடி, ரத்த அழுத்தம், ரத்தப்போக்கு, கருப்பை. தொப்புளுக்குக் கீழே கை வைத்தால் கருப்பை கிரிக்கெட் பந்து போல இறுக்கமாக இருக்க வேண்டும். ஒருமுறை கை வைத்தபோது மாவு போலத் தொளதொளவென்று இருந்தது. வட்டமாகத் தேய்த்துக்கொண்டே சிஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் வருவதற்குள் என் கைக்கடியிலேயே அது இறுகியது. பிரசவத்துக்குப் பின் 500 மில்லி லிட்டருக்கு மேல் ரத்தம் போனால் ஆபத்து என்று பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். அந்த ஆபத்து எப்படித் தொடங்குகிறது என்று என் உள்ளங்கைக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

ஆண் டாக்டரை ஏற்றுக்கொள்பவர்கள் ஆண் செவிலியரை ஏன் ஏற்பதில்லை என்று மாணவர்கள் ஆதங்கப்படுவார்கள். நானும் பட்டிருக்கிறேன். 1844இல் தொடங்கிய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனைக்கு முதல் இந்தியக் கண்காணிப்பாளராக இருந்தவர் ஏ. இலட்சுமணசாமி முதலியார், ஓர் ஆண்தானே என்று வாதாடியிருக்கிறேன். இப்போது அந்த வாதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. டாக்டர் ஐந்து நிமிடம் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். செவிலியர் எட்டு மணி நேரம் கூடவே இருக்கிறார். ரத்தத் துணி மாற்றுகிறார், சுத்தம் செய்கிறார், சிறுநீர்க் குழாய் போடுகிறார். அந்த நெருக்கத்துக்குத் தயங்குவது இயல்பு. இந்த ஊருக்கு அந்தத் தயக்கம் புதிதும் அல்ல. ஆண் மருத்துவரிடம் காட்டிக்கொள்ளாமல் உயிரை விட்ட, திரைக்குள் வாழ்ந்த கோஷா பெண்களுக்காகத்தான் மேரி ஷார்லீப் 1885இல் இங்கே தனி மருத்துவமனை தொடங்கினார். திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதுதான். இன்றும் ஆட்டோக்காரரிடம் கோஷா ஆஸ்பத்திரி என்றால் கொண்டுபோய் விடுவார். பெயரிலேயே அந்தத் தயக்கத்துக்கு மரியாதை கொடுத்த ஊரில், "ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?" என்று ஒரு பெண்ணிடம் கேட்க நமக்கு வாய் வரக் கூடாது. இங்கிலாந்திலேயே ஆண்கள் தாதியராக முழு அனுமதி பெற்றது 1983இல்தான்.

இதைப் படிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மறுப்புக்கு மதிப்புக் கொடுப்பது வேறு, மாணவனைப் பெஞ்சில் உட்கார வைப்பது வேறு. பெண்களின் பெயரில், அவர்களைக் கேட்காமலேயே மறுத்துவிடாதீர்கள். நாங்கள் ஒன்பது பேரும் கேட்டுப் பார்த்தோம். வேண்டாம் என்றவர்கள் அதிகம். சரி என்றவர்கள் எங்களுக்குப் போதுமான அளவு இருந்தார்கள். எங்கள் சிஸ்டர் ஒரு நல்ல வழி செய்தார். வார்டு போர்டில் பெயர்களுக்கு நேரே, மறுத்தவர்களுக்கு ஒரு சிறு புள்ளி வைத்தார். ஒருவர் ஒருமுறை மறுத்துவிட்டால், அடுத்தடுத்து ஒன்பது பேர் போய் அதே கேள்வியைக் கேட்டு நச்சரிக்கக் கூடாது அல்லவா?

எனக்கு மிகக் கடினமாக இருந்தது பிரசவம் அல்ல, தாய்ப்பால். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்கச் செய்ய வேண்டும். மாணவிகள் சட்டென்று கையால் பிடித்துக் குழந்தையின் வாயில் வைத்துவிடுவார்கள். நான் என்ன செய்வது? தொடாமல் சொல்லிக்கொடுக்கும் வழி ஒன்றைப் பழகினேன். குழந்தைக்குப் பதில் ஒரு பொம்மையும், மார்புக்குப் பதில் உருட்டிய காலுறை ஒன்றும். கட்டிலின் தலைமாட்டுப் பக்கம், அம்மாவுக்குச் சற்றுப் பின்னால் நின்றுகொள்வேன். பொம்மையை என் கையில் வைத்துக்காட்டுவேன்: குழந்தையின் வயிறு அம்மாவின் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும், மூக்கு காம்புக்கு நேராக, வாயை அகலத் திறந்ததும் குழந்தையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும், மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகக் கூடாது. பாட்டியும் பார்த்துக் கற்றுக்கொள்வார். மாணவிகள் கைவைத்துப் பிடிக்கவைத்த தாய்மார்கள் அடுத்த வேளைக்கு மறுபடி கூப்பிட்டார்கள். பொம்மையைப் பார்த்துத் தானே பிடிக்கவைத்தவர்கள் கூப்பிடவில்லை. கொஞ்ச நாளில் மாணவிகளும் என் பொம்மையை வாங்கிப் போக ஆரம்பித்தார்கள்.

பிறகு, வெளியே நிற்கும் ஆண்கள். தமிழ்நாட்டில் 2004 முதலே அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது உறவுப் பெண் ஒருவர் கூட இருக்கலாம். கணவர்களுக்கு உள்ளே இடமில்லை, ஒரே அறையில் பல கட்டில்கள். பிளாஸ்க்கும் ஒயர்கூடையுமாக இரவெல்லாம் கேட்டருகே நிற்பார்கள். அவர்களிடம் பேச யாருக்கும் நேரமில்லை, அவர்களுக்கும் சிஸ்டர்களிடம் கேட்கக் கூச்சம். டீ குடிக்கப் போகும்போதெல்லாம் நான்கைந்து பேரைப் பிடித்துக்கொள்வேன். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் பிக்மி எண் ஏன் முக்கியம், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவிக்கு என்ன வேண்டும், வீட்டுக்குப் போக 102 வண்டி இலவசம் என்பதெல்லாம் சொல்வேன். அதைவிட முக்கியமாக, வீட்டுக்குப் போன பிறகு எதற்குப் பயப்பட வேண்டும் என்று சொல்வேன். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுவதும் நனைந்தால், காய்ச்சல் வந்தால், விடாத தலைவலியோடு கண் மங்கினால், குழந்தை பால் குடிக்காவிட்டால், உள்ளங்கால் மஞ்சளாகத் தெரிந்தால், விடியும் வரை காத்திருக்காமல் கிளம்பி வர வேண்டும். ஒருவர் கேட்டார்: "தம்பி, அவள் எப்போது வேலைக்குப் போகலாம்?" இன்னொருவர் தயங்கித் தயங்கி, எத்தனை நாள் விலகி இருக்க வேண்டும் என்று கேட்டார். இந்தக் கேள்விகளை அவர்கள் ஒரு பெண்ணிடம் கேட்டிருக்க மாட்டார்கள். எங்கள் தெருக்காரருக்கு இப்போது என்னிடம் பதில் இருந்தது.

நான் இப்போது புறநகரில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருக்கிறேன். மகப்பேறு பிரிவு அல்ல. ஆனாலும் வலியோடு வருபவர்கள் எந்தப் பிரிவு என்று பார்த்து வருவதில்லை. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கிய 2008 முதல், வழியிலேயே பிரசவம் பார்த்த ஆண் பணியாளர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குப் பெஞ்சில் கற்ற பாடம் எதற்கு உதவும்?

பயிற்சிக்குப் போகும் தம்பிகள் சில சின்ன விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். வயிற்றைப் பரிசோதிக்குமுன் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். கையை வெந்நீரில் நனைத்துத் துடைத்துக்கொள்ளுங்கள், குளிர்ந்த கை பட்டால் வயிறு இறுகிவிடும், குழந்தையின் தலை எது முதுகு எது என்று தெரியாது. விரல் நுனியால் குத்தாமல் விரல்களின் உட்புறத்தால் உணருங்கள், கண் அவர் முகத்தில் இருக்கட்டும். போர்வையைத் தேவையான அளவுக்கு மேல் விலக்காதீர்கள். முடித்ததும் நீங்களே மூடிவிடுங்கள். பையில் இஞ்ச் டேப், விநாடி முள் உள்ள கைக்கடிகாரம், பேனா இரண்டு. கர்ப்பம் 24 வாரத்தைத் தாண்டினால் அடிவயிற்றின் கீழ்முனையில் உள்ள பூப்பெலும்பின் மேல்விளிம்பிலிருந்து கருப்பையின் உச்சி வரை எத்தனை சென்டிமீட்டரோ ஏறக்குறைய அத்தனை வாரம், அளந்து பழகுங்கள். இரவு டூட்டியைக் கேட்டு வாங்குங்கள், கூட்டம் குறைவு, சிஸ்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நேரம் இருக்கும்.

டூட்டிக்குப் பதினைந்து நிமிடம் முன்னதாகவே போய் வார்டு போர்டைப் பாருங்கள். யாருக்குக் கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது, யாருக்கு எத்தனையாவது பிரசவம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பெயருக்கு நேரே புள்ளி இருந்தால் அந்தத் திரைப் பக்கம் போக வேண்டாம். வெளியே உட்கார்ந்திருக்கும் அவருடைய அம்மாவிடம் வெந்நீர் வேண்டுமா என்று கேட்டு, பிளாஸ்க்கை வாங்கி நிரப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போங்கள்.